முரடனும் அஞ்சுபவனும் நண்பராவது எப்படி?



சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலில் மிதந்து, அந்தமான் சேர்ந்த சிறுவன் ஒருவன் டெலானிபூரில் எங்கள் ஏழாம் வகுப்பில் வந்து அமர்ந்தான். டெலானிபூர், அந்தமானின் தலைநகரில் ஒரு பகுதி. நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கிய அந்நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். அங்கே ஒரே பலகையில் வங்காளச் சிறுவனும் தெலுங்குச் சிறுவனும் தமிழ்ச் சிறுவனும் நிக்கோபார்ச் சிறுவனும் அருகருகே அமர்வர். தமிழைத் தாய்மொழியாக உடையோர் தீவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பேர் என்று 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கு கூறுகிறது. இத்தனை மொழியினரும் தமக்குள் பேசிக்கொள்வது இந்தியில். வந்த சிறுவனுக்கோ இந்தி வராது.

ஆசிரியர் பெயர் கூப்பிடும்போதே அவன் உள்ளங்கை வியர்க்கும். எழுந்து நின்றால் நாக்குக் குழறும். கடைசிப் பலகையில் ஒருவன் இருந்தான்; வகுப்பிலேயே உயரமானவன், உரத்த குரலுடையவன். புதியவனின் குழறலை அவன் நடித்துக் காட்டுவான். வாயிலில் வழி மறித்து நிற்பான். தீவிலே மே மாதம் தொடங்கினால் மழை எளிதில் விடாது. அம்மழையில் அவன் குடையைப் பிடுங்கிக் கொண்டு ஓடுவான். நாங்கள் சிரிப்போம். ஆம், சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

பள்ளியின் பெயர் இங்கே வேண்டா. அவ்விருவர் பெயரும் வேண்டா. ஆண்டு முடிவதற்குள் அவ்விருவரும் நண்பர்போல் ஆயினர் என்பதே இங்குச் சொல்லத் தக்கது. அது எப்படி நிகழ்ந்தது? நல்லூழா? அல்லது அதற்கும் ஒரு முறை உண்டா? அதைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

முரட்டுத்தனம் எது?

இரு சிறுவர் மாங்காய்க்காகச் சண்டையிட்டால் அது சண்டை. இன்று ஒருவன் வெல்வான். நாளை மற்றவன் வெல்வான். மறுநாள் இருவரும் சேர்ந்தே விளையாடுவர். இதை முரட்டுத்தனம் என்று எவரும் சொல்லார்.

இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் டான் ஓல்வேயஸ். சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளநூல் அறிஞர் இவர். 1970ஆம் ஆண்டுகளில் பள்ளி மாணவரை ஆராய்ந்து, முரட்டுத்தனத்துக்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். வேண்டுமென்றே துன்புறுத்துவது ஒன்று. அதனை மீண்டும் மீண்டும் செய்வது இரண்டு. துன்புறுத்துபவனுக்கும் துன்புறுபவனுக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது மூன்று. அவ்வலிமை உடல் வலிமையாக இருக்கலாம். மொழி வலிமையாகவும், கூட்ட வலிமையாகவும் இருக்கலாம்.

1982ஆம் ஆண்டின் இறுதியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றோரின் கொடுமையே காரணம் என்று கருதிய அந்நாட்டு அரசு, 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் தடுப்பு முயற்சியைத் தொடங்கியது. 'சிறுவர் விளையாட்டு' என்று பெரியவர் ஒதுக்கிய ஒன்று, உயிர் குடிக்கும் கொடுமை என்று உலகம் உணர்ந்த காலம் அது.

மூன்று அடையாளங்களுள் மூன்றாவதை மட்டும் நினைவில் நிறுத்துங்கள். ஏற்றத்தாழ்வு என்ற அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குத் திறவுகோல்.

இருவர் உள்ளமும்

அஞ்சுபவனின் உள்ளம் எத்தகையது? கல்லைக் கண்டு நாய் ஓடுவதுபோல் அவனும் துன்பத்தைக் கண்டு விலகுகிறான். விலகியவுடன் நெஞ்சு அமைதி பெறுகிறது. அந்த அமைதியே அவனுக்குப் பகையாகிறது. 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்று உள்ளம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் விரைவாக ஓடுகிறது. இன்று வாயிலைத் தவிர்ப்பவன் நாளை விளையாட்டுத் திடலைத் தவிர்ப்பான். மறுவாரம் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளியையே தவிர்ப்பான். அச்சம் இவ்வாறுதான் வளர்கிறது. 'தைரியமாக இரு' என்று சொல்வதால் அது தேய்வதில்லை. தாங்கக்கூடிய அளவில் சிறிது சிறிதாக அஞ்சும் பொருளை எதிர்கொண்டு, ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று கண்டறிவதால்தான் தேய்கிறது.

முரடனின் உள்ளம் எத்தகையது? 'வெளியே முரடன், உள்ளே கோழை' என்று நாம் சொல்லுவது வழக்கம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஓல்வேயஸ் கண்டது வேறு. முரடர்களிடம் அச்சமும் தன்னம்பிக்கைக் குறைவும் மற்றவரைவிட மிகுதியாக இருப்பதை அவர் காணவில்லை. சிலர் ஓரிடத்தில் அடிபட்டு வேறிடத்தில் அடிப்பவராக இருப்பது உண்டு, எல்லாரும் அப்படியல்லர். ஆகவே முரடன் முரடனாக இருப்பதற்குப் பல வேளைகளில் காரணம் எளியது. அது அவனுக்குப் பயன் தருகிறது. ஒருவனை அழவைத்தால் பத்துப் பேர் சிரிக்கிறார்கள். அச்சிரிப்பே அவனுக்குக் கூலி.

பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. கொடுமை நடக்கும் வகுப்பில் இருப்பவர் இருவர் மட்டும் அல்லர். முரடனுக்குத் துணை நிற்போர் உண்டு. சிரித்து ஊக்குவோர் உண்டு. ஒதுங்கி நிற்போர் உண்டு. துன்புறுபவனைக் காக்க வருவோரும் உண்டு. இவ்வாய்வின் வழி வந்த 'கீவா' என்னும் திட்டத்தைப் பின்லாந்து 2009ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் பரப்பியது. அது முரடனைத் திருத்துவதோடு நிற்கவில்லை. சுற்றி நிற்போரின் சிரிப்பை நிறுத்தவும் முயன்றது.

ஒரு பழைய நட்பு

இனி, நட்பைப் பற்றிப் பேசுவோம். வலியவனும் அஞ்சுபவனும் நண்பரான கதைகளுள் நாம் நன்கு அறிந்தது காந்தியடிகளின் இளமைக்கதை.

இராசகோட்டில் பயின்ற காலத்தில் காந்தி பெரிதும் அஞ்சும் இயல்பினர். எவரேனும் கேலி செய்வாரோ என்று அஞ்சிப் பள்ளி விட்டவுடன் வீட்டுக்கு ஓடுவார். திருடர், பேய், பாம்பு என்று எல்லாம் அச்சம்; விளக்கு இல்லாமல் உறங்க மாட்டார். இவற்றைத் தம் 'சத்திய சோதனை'யில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அப்போது அவருக்கு வாய்த்த நண்பர் ஷேக் மேத்தாப். முதலில் காந்தியின் அண்ணனுக்கு வகுப்புத் தோழர். ஓட்டத்திலும் தாண்டுவதிலும் வல்லவர், அடியைத் தாங்குவதில் மன்னர், பேய்க்கு அஞ்சாதவர், பாம்பைக் கையில் பிடிப்பேன் என்பவர். தம் நூலில் காந்தி இந்நண்பரின் பெயரைச் சொல்லவில்லை. மேத்தாப் காந்தியை அடித்துத் துன்புறுத்தியவர் அல்லர். ஆதலின் அவரை முரடர் என்று அழைப்பது பொருந்தாது. ஆனால் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஒருவர் கட்டளை இடுபவர்; மற்றவர் வியந்து பின்செல்பவர்.

விளைவு யாது? வலிமை பெறலாம் என்று நம்பிப் பெற்றோர் அறியாமல் காந்தி இறைச்சி உண்டார். வீட்டில் பொய் சொன்னார். நண்பரோடு செல்லக் கூடாத இடத்துக்கும் சென்றார். தாயும் அண்ணனும் மனைவியும் எச்சரித்தனர். 'நான் அவரைத் திருத்திவிடுவேன்' என்று காந்தி மறுமொழி கூறினார். திருத்த முடியவில்லை. திருத்த எண்ணுபவன் திருத்தப்பட வேண்டியவனோடு நெருங்கிய நட்புக் கொள்வது பிழை என்று பிற்காலத்தில் தம் அனுபவத்தை எழுதினார். தென்னாப்பிரிக்காவில் தர்பன் நகரில் மேத்தாப் அவர் வீட்டிலேயே தங்கினார். அங்கும் அவருடைய ஒழுக்கக்கேடு வெளிப்பட, காந்தி அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் 'கூடா நட்பு' என்று சொல்லி முடித்துவிடலாம். முடியவில்லை. இந்தியர் உரிமைக்கான சத்தியாக்கிரகம் தென்னாப்பிரிக்காவில் மூண்டபோது, அதே மேத்தாப் அப்போராட்டத்தைப் போற்றிப் பாடல்கள் எழுதினார். அவை 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளிவந்தன. 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அவர் மனைவியும் சிறை சென்றார்.

இதிலுள்ள பாடத்தை ஊன்றிப் பாருங்கள். ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்று இருந்தவரை அந்நட்பு இருவரையும் கெடுத்தது. வலிமையை வியந்து பணிந்தபோதும் கெடுத்தது. 'நான் உன்னைத் திருத்துகிறேன்' என்று எண்ணியபோதும் பயன் தரவில்லை. இருவரையும்விடப் பெரியதொரு பணி வந்து, அதில் ஆளுக்கொரு பங்கு கிடைத்தபோதுதான் இருவரும் மீண்டும் ஒரே பக்கத்தில் நின்றனர்.

திருவள்ளுவரும் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஐந்தில் மூன்று, ஆராய்ந்து கொள், விலகி நில் என்னும் எச்சரிக்கை. எல்லா நெருக்கமும் நட்பு ஆகாது என்பதை அப்புலவர் நன்கு அறிந்திருந்தார்.

சேர்த்து வைத்தால் போதுமா?

'இருவரையும் பக்கத்தில் உட்காரவை. பழகப் பழகச் சரியாகிவிடும்' என்பர் பலர். இதுவும் ஆராயப்பட்டதே.

1954ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தில், முசாபர் ஷெரீப் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரு குழுவாகப் பிரித்துத் தங்கவைத்தனர். போட்டிகள் வைத்தவுடன் பகை மூண்டது. ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது, குடிலைச் சூறையாடியது. பின்னர் இரு குழுவையும் ஒன்றாக உணவுண்ணச் செய்தனர். ஒன்றாகத் திரைப்படம் காணச் செய்தனர். பகை தணியவில்லை. உணவையே ஒருவர் மேல் ஒருவர் வீசி எறிந்தனர்! அதன் பின் முகாமுக்குத் தண்ணீர் வருவதைத் தடைப்படுத்தினர். இரு குழுவும் சேர்ந்தால்தான் சீர்செய்ய இயலும். உணவு கொண்டுவரும் வண்டி நின்றுவிட்டது; இரு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால்தான் நகரும். இத்தகைய பணிகள் சில நடந்தபின் சிறுவர்கள் நண்பராயினர்.

அதே 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்னும் உளநூல் அறிஞர், இன வெறுப்பைப் பற்றிய தம் நூலில், பழக்கம் பகையைக் குறைக்க வேண்டுமாயின் நான்கு வேண்டும் என்றார்: பழகும் இடத்தில் சமநிலை, பொதுவான குறிக்கோள், போட்டியின்றிக் கூடிச் செய்யும் பணி, மேலுள்ளோரின் உறுதியான ஆதரவு. இவற்றுள் முதலாவதாகச் சொன்னது சமநிலை. முரடனையும் அஞ்சுபவனையும் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துக் 'கை குலுக்குங்கள்' என்றால், அங்கே இந்நான்கில் எது இருக்கிறது? கை குலுக்கும்போதும் ஒரு கை நசுக்குகிறது. மறு கை நடுங்குகிறது.

இதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் எலியட் ஆரன்சன். 1971ஆம் ஆண்டு டெக்சாசு மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை பிரிந்து பயின்ற வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வழியினர் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டனர். சண்டைகள் எழுந்தன. ஆரன்சன் வகுப்பை ஐவர் அறுவர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார். ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் துண்டை ஒவ்வொருவனும் மற்றவருக்குக் கற்பிக்க வேண்டும். தேர்வு முழுப்பாடத்திலும் நடக்கும். கார்லோஸ் என்று தம் நூலில் அவர் பெயரிட்டுக் கூறும் சிறுவன் ஒருவன், ஆங்கிலம் தடுமாறுபவன். முதலில் அவனைக் கேலி செய்தனர். கேலி செய்தால் தேர்வில் தமக்குத்தான் மதிப்பெண் குறையும் என்று விரைவில் உணர்ந்தனர். பிறகு பொறுமையாகக் கேள்வி கேட்கக் கற்றனர். கேள்வி நன்றாக வந்தபோது கார்லோசின் பேச்சும் நன்றாக வந்தது. அவன் அறிவற்றவன் அல்லன், கூச்சம் உள்ளவன் என்று கண்டனர்.

மழை அளந்த கதை

இப்போது டெலானிபூருக்குத் திரும்புவோம். அங்கும் முதலில் கை குலுக்கவைத்தனர். மறுநாள் குடையின் கம்பி ஒடிந்து கிடந்தது.

பின்னர் அறிவியல் ஆசிரியர் ஒருவர் வேறு வழி கண்டார். அவர் ஆரன்சனைப் படித்தாரோ, அறியேன். ஒரு புட்டியும் புனலும் அளவுக் குவளையும் கொடுத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழையை அளக்கும் வேலையை அவ்விருவரிடமும் ஒப்படைத்தார். ஒருவன் அளக்க வேண்டும். ஒருவன் எழுத வேண்டும். வாரந்தோறும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. நாள்தோறும் அவரே வந்து குறிப்பேட்டைப் பார்த்தார்.

முதல் வாரம் பேச்சில்லை. இரண்டாம் வாரம் முரடன் அளந்த கணக்குத் தவறியது. குவளையில் நீரின் மேற்பரப்பு ஓரத்தில் ஏறியும் நடுவில் தாழ்ந்தும் இருக்கும். தாழ்ந்த நடுப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. மற்றவனுக்குத் தெரியும். முரடன் கேட்டான், அஞ்சுபவன் சொன்னான். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் ஏற்றத்தாழ்வு கவிழ்ந்தது. வலியவன் கேட்பவன் ஆனான். அஞ்சுபவன் அறிந்தவன் ஆனான். அஞ்சுபவனுக்கு இந்தி திணறியபோது முரடன் சொல் எடுத்துக் கொடுத்தான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. ஏனெனில் அவனே சிரிக்கவில்லை.

மாத முடிவில் வகுப்பின்முன் நின்று மழைக் கணக்கை இருவரும் படித்தனர். ஒருநாள் காலை, பழுதுபார்த்த குடை ஒன்று அஞ்சுபவனின் பலகைமேல் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் உயிர்த்தோழர் ஆனார்கள் என்று நான் கூறமாட்டேன். ஆனால் அதன் பின் வாயிலில் எவரும் வழி மறிக்கவில்லை.

நமக்கு என்ன?

'பள்ளிப் பிள்ளைகள் கதை நமக்கு எதற்கு?' என்று பல்கலைக்கழக மாணவராகிய நீங்கள் கேட்கலாம். நம் விடுதிகளில் ராகிங் என்ற பெயரால் நடப்பது என்ன? 'சும்மா விளையாட்டு, இதனால்தான் மூத்தவருக்கும் புதியவருக்கும் நட்பு வளர்கிறது' என்று இன்றும் சிலர் சொல்கின்றனர். 1996ஆம் ஆண்டு சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதன் பின்பே 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுமைக்கும் ஒழுங்குவிதிகள் வகுத்தது.

ஆணையிட்டுப் பிறந்த நட்பு எங்கேனும் உண்டா? முழங்காலில் நிற்கவைத்தவனைப் புதியவன் பிறகு 'அண்ணா' என்று அழைக்கலாம். அது நட்பு அன்று. அச்சம் அணிந்துகொண்ட மரியாதை. அடுத்த ஆண்டு அவனும் ஒரு புதியவனை முழங்காலில் நிற்கவைப்பான். நட்பு வேண்டுமாயின் மூத்தவரும் புதியவரும் சேர்ந்து செய்யும் பணியைத் தேடுங்கள். நாடகம் போடுங்கள், இம்மலரையே சேர்ந்து வெளியிடுங்கள். ஆனால் புதியவனுக்குத் தேநீர் வாங்கி வரும் வேலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவனில்லாமல் முடியாத ஒரு பகுதியை அவனிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் கூறவேண்டும். துன்புறுபவன்மேல் நட்பு என்னும் சுமையை ஏற்றக் கூடாது. முதலில் கொடுமை நிற்க வேண்டும். அதன் பின்னரே நட்பு. கொடுமை நடக்கையில் 'அவனோடு பழகிப் பார்' என்பது புலிக்கூண்டைத் திறந்துவிட்டுப் பழகச் சொல்வது போன்றது. ராகிங் பற்றி முறையிட 1800-180-5522 என்னும் எண் இருக்கிறது. அச்சம் உறக்கத்தையும் படிப்பையும் கெடுக்குமாயின், 2022ஆம் ஆண்டு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். உதவி கேட்பது கோழைத்தனம் அன்று.

டெலானிபூர் வகுப்பில் மழை அளந்த இருவரும் தம் பங்கைச் செய்துவிட்டனர். அந்த ஆசிரியரும் செய்தார். செய்யாதவர் நாங்கள், சிரித்தவர்கள். குடையைப் பிடுங்கியவன் ஒருவன்தான். ஆனால் முதல் நாளே நாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இரண்டாம் நாள் அவன் அதைப் பிடுங்கியிருப்பானா? இக்கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதினேன்.

நண்பர்களே! நம்முள் முரடர் சிலர், அஞ்சுவோர் சிலர், பார்த்து நிற்போர் மிகப் பலர். அந்தப் பலரும் சிரிக்க மறுத்தால், முரடனின் கூலி அன்றே நின்றுபோம்.